எலிங்டன் இசை எலிங்டனுடையதுதானா?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "டியூக் எலிங்டனை அமெரிக்காவின் மிகப் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவர் என்று போன வீடியோவில் சொன்னீர்கள். ஆனால் அவர் பெயரில் இருக்கும் பல மெட்டுகள் குழுவில் வாசித்தவர்கள் போட்டவை என்று படித்தேன். அப்படியென்றால் அவரைக் குழுத் தலைவர் என்று சொன்னால் போதாதா?"

எலிங்டனைத் தெரியாதவர்களுக்கு: ஜாஸ் இசைக்குழு ஒன்றை நடத்திய பியானோ கலைஞர் அவர். நீங்கள் படித்தது பொய்யில்லை. 'கேரவன்' மெட்டு, குழுவில் டிராம்போன் வாசித்த ஹுவான் டிசோலுடையது. 1930இல் வந்த 'மூட் இண்டிகோ'வின் மெட்டில் கிளாரினெட்காரர் பார்னி பிகார்டுக்குப் பங்கு உண்டு. அவர் பெயர் அதில் சேரப் பல ஆண்டுகள் ஆயின. போதாததற்கு, மேலாளராக இருந்த இர்விங் மில்ஸ் தன் பெயரையும் பல பாட்டுகளில் போட்டுக்கொண்டார். இதில் சிலருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். எலிங்டனை எவ்வளவு நேசித்தாலும் இதை மறைக்கக் கூடாது.

ஆனால் அதே 'மூட் இண்டிகோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட் என்று மூன்று வாத்தியங்கள் சேர்ந்து மெதுவாகத் தொடங்கும். அந்தக் கால வழக்கப்படி எழுதினால் கிளாரினெட் மேலே இருக்கும், டிரம்பெட் நடுவில், டிராம்போன் அடியில். எலிங்டன் கிளாரினெட்டை அடிமட்டத்துக்கு இறக்கினார். டிரம்பெட்டுக்கும் டிராம்போனுக்கும் வாயில் அடைப்பு வைத்து, டிராம்போனை அதன் உயரமான ஸ்வரங்களில் வாசிக்கச் சொன்னார். மூன்றும் கலந்து வரும்போது எது எந்த வாத்தியம் என்றே பிடிபடாது. மெட்டில் பிகார்டின் கை இருக்கலாம். அந்த ஓசை எலிங்டனுடையது. இசையமைப்பு என்பது மெட்டு மட்டும்தானா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வைக்கிற இடம் இது.

இப்படி ஓசையை வைத்து இசை கட்டுகிற பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது? 1899இல் வாஷிங்டனில் பிறந்தவர். அப்பா பெரிய வீடுகளில் பரிமாறுகிற வேலை பார்த்தவர். பியானோ கற்று, இருபதுகளில் நியூயார்க் போய், 1927 டிசம்பரில் ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப்பில் சேர்ந்தார். மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேஜைகளில் வெள்ளையர்கள் மட்டும் என்ற விதி வைத்திருந்த இடம் அது. அந்த அவமானத்துக்கு நடுவிலேயே அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. நடனங்களுக்குப் புதுப்புது இசை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். வானொலி அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அப்போது குழுவில் பப்பர் மைலி என்ற டிரம்பெட்காரர் இருந்தார். கழிவுநீர்க் குழாயில் அடைப்பு எடுக்கிற ரப்பர் கிண்ணத்தை டிரம்பெட் வாயில் வைத்து, மனிதர் உறுமுவது போலவும் அழுவது போலவும் வாசிப்பார். எலிங்டன் அந்த உறுமலை ஒரு வேடிக்கையாக விட்டுவிடாமல், அதைச் சுற்றியே இசையைக் கட்டினார்.

அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் ஆளுக்காகத்தான் எழுதினார். தாளில் 'இரண்டாம் டிரம்பெட்' என்று எழுதாமல், வாசிக்கிறவரின் பெயரையே எழுதுவார். யார் எந்த ஸ்வரத்தில் தடுமாறுவார், யார் எந்த ஸ்வரத்தில் உருகுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஜானி ஹாட்ஜஸ் சாக்ஸபோனில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவதைக் கேட்டிருந்தால் புரியும். அந்த இடத்தை வேறு ஒருவர் வாசித்தால் ஸ்வரங்கள் இருக்கும், உயிர் இருக்காது.

இதற்கு ஒரு விலை உண்டு. இப்படி எழுத வேண்டுமென்றால் அதே ஆட்களை வருடம் முழுக்கச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். 1946 முடிவில் பெரிய குழுக்கள் வரிசையாகக் கலைந்தன. எலிங்டன் கலைக்கவில்லை. பாட்டுகளிலிருந்து வந்த உரிமைத் தொகையை எடுத்துக் குழுவுக்குக் கொட்டினார். இன்று எழுதியதை நாளை கேட்டுவிட வேண்டும், அதுதான் அவர் ஆசை. சாக்ஸபோன்காரர் ஹாரி கார்னி 17 வயதில் 1927இல் சேர்ந்து, 1974இல் எலிங்டன் இறக்கும் வரை கூடவே இருந்தார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்ட அதே சந்தேகம் 1965இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற புலிட்சர் பரிசுக் குழுவிலும் எழுந்தது என்று சொல்லலாம். இசை நடுவர்கள் எலிங்டனுக்குச் சிறப்புக் கௌரவம் தரச் சொன்னார்கள், மேல் வாரியம் மறுத்துவிட்டது. 66 வயதான அவர், விதி என்னிடம் கருணையாக இருக்கிறது, சின்ன வயதிலேயே நான் அதிகப் புகழ் பெறுவதை அது விரும்பவில்லை என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவருக்கு வலித்திருக்கும். புலிட்சர் கௌரவம் அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

சரி, எலிங்டனோடு சேர்ந்து இசை எழுதிய பில்லி ஸ்ட்ரேஹார்னைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 1939இல் சேர்ந்தவர், எலிங்டனைவிட 16 வயது இளையவர். குழுவின் அடையாளமாகவே ஆகிவிட்ட 'டேக் தி ஏ டிரெயின்' அவர் எழுதியது. எலிங்டனுடைய நிஜமான வாத்தியம் பியானோ இல்லை, குழுதான் என்று சொன்னவரும் அவரே. எந்தப் பகுதி யார் எழுதியது என்று பிரிக்க முடியாத அளவுக்கு இருவரும் சேர்ந்து எழுதினார்கள். 1963இல் இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகளுக்குக் குழு வந்தது. டெல்லியில் கேட்ட ஒரு மைனாவின் கூவல், பிறகு 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்ற இசைத் தொகுப்பில் கிளாரினெட்டாக மாறியது. ஆனாலும் ஸ்ட்ரேஹார்னின் உழைப்பில் நிறைய எலிங்டன் பெயருக்குள் மறைந்துபோனது உண்மை.

1967 மே மாதம் ஸ்ட்ரேஹார்ன் புற்றுநோயில் இறந்தார். சில மாதங்களில், முழுக்க அவருடைய படைப்புகளையே வைத்து எலிங்டன் ஓர் இசைத்தட்டு பதிவு செய்தார். அதில் 'லோட்டஸ் பிளாசம்' என்ற துண்டைத் தேடிக் கேளுங்கள். பதிவு முடிந்து எல்லோரும் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சுக் குரல்கூடக் கேட்கும். எலிங்டன் பியானோவில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்குகிறார். தான் வாசித்து ஸ்ட்ரேஹார்ன் கேட்க மிகவும் விரும்பியது அதுதான் என்பார் அவர். வாசிக்க வாசிக்கப் பின்னால் இருந்த பேச்சு அடங்கிப்போகும்.