குழலைக் கடைவதற்கு முன்

வணக்கம் நேயர்களே. ஷாட்கன் குழலைப் பட்டறையில் கொடுத்து வேலை செய்தால் பலன் இருக்குமா என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானோர், கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன். களிமண் தட்டு சுடும் விளையாட்டுக்கு வந்து மூன்றாவது வருடம். 25 தட்டுக்கு 18-ஐத் தாண்ட முடியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் 12 போர் என்ற அளவுள்ள ஒரு குழலை நெடுக்கில் பிளந்து வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் தோட்டா உட்காரும் அறை. அது சற்று அகலம். அங்கிருந்து ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைக்கு இறங்கும் சரிவுக்கு ஃபோர்ஸிங் கோன் என்று பெயர். பிறகு நீளமான நேர்த்துளை. வாய்க்கு அருகே மறுபடியும் ஒரு சின்னக் குறுகல். அதுதான் சோக். ரவைகள், அதாவது தோட்டாவில் இருக்கும் சின்னக் குண்டுகள், எவ்வளவு பரவும் என்பது அதன் கையில். சரிவை நீட்டலாம், துளையை அகலப்படுத்தலாம், சோக்கை மாற்றலாம். வாய்ப்பக்கம் சிறு ஓட்டைகள் போடும் போர்ட்டிங்கும் உண்டு.

பழைய குழல்களில் அந்தச் சரிவு மிகக் குட்டையாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. அன்றைய தோட்டாவில் வெடிமருந்துக்கும் ரவைக்கும் நடுவே அடைப்பாக இருந்தது கம்பளி அல்லது நார் வாட். நீண்ட சரிவில் போனால் அதைச் சுற்றி வாயு கசிந்துவிடும். இன்றைய பிளாஸ்டிக் வாட் கிண்ணம்போல் விரிந்து துளையை அடைத்துக்கொள்கிறது, ரவைகளும் அதற்குள்ளேயே பயணிக்கின்றன. ஆகவே சரிவு நீளமாக இருந்தால் கெடுதல் இல்லை. இதுவரை சரி. ஆனால் பட்டறைக்காரர் அதோடு நிறுத்த மாட்டார். சுடும்போது தோளில் விழும் பின்னுதை பாதியாகிவிடும் என்பார்.

பின்னுதை எங்கிருந்து வருகிறது? குழலிலிருந்து வெளியேறும் ஈயம், வாட், வாயு ஆகியவற்றின் எடை, அவற்றின் வேகம், எதிர்ப்பக்கத்தில் துப்பாக்கியின் எடை. இவ்வளவுதான் கணக்கு. சரிவை நீட்டினால் இவற்றில் எதுவும் சொல்லிக்கொள்ளும்படி மாறுவதில்லை. துளையைக் கடைந்தாலோ இரும்பு குறைகிறது, துப்பாக்கி லேசாகிறது. அப்படியானால் உதை ஒரு இம்மி கூடத்தானே வேண்டும்?

நான் இரண்டு வேலையும் செய்துகொண்டேன். தோளுக்கு இதமாக இருப்பதாகச் சத்தியமே செய்தேன். அதே மாடல் துப்பாக்கி என் நண்பர் ஒருவரிடம் கைபடாமல் இருந்தது. ஒருநாள் அவர் எது யாருடையது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பத்து முறை சுடச் சொன்னார். ஐந்தைச் சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அதுதான் கிடைத்திருக்கும். பிறகு அவர் சத்தமில்லாமல் 28 கிராம் ரவை உள்ள தோட்டாவை எடுத்துவிட்டு 24 கிராம் தோட்டாவைப் போட்டார். அந்த வித்தியாசம் முதல் சூட்டிலேயே தோளுக்குத் தெரிந்துவிட்டது. ஒலிம்பிக்கில் ட்ராப், ஸ்கீட் என்ற தட்டு சுடும் போட்டிகளின் வீரர்கள் சுடுவதும் 24 கிராம்தான்.

சரி, ரவைகள் நசுங்காமல் சீராகப் பரவும் என்கிறார்களே? இருக்கலாம். அதை அளக்க வழி இருக்கிறது. 40 கஜ தூரத்தில், அதாவது 36.6 மீட்டரில், பெரிய காகிதத்தை விரித்துச் சுட வேண்டும். ரவைகள் அடர்ந்த இடத்தைச் சுற்றி 76 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து, உள்ளே விழுந்த ஓட்டைகளை எண்ண வேண்டும். தோட்டாவில் இருந்த ரவைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் உள்ளே விழுந்தால் ஃபுல் சோக். 40 சதவீதம் என்றால் சோக்கே இல்லாத குழல். ஒரு காகிதம் போதாது, பத்தாவது வேண்டும். ஒரு காகிதத்துக்கே இருநூறு ஓட்டைக்கு மேல் எண்ண நேரிடும். கண் பூத்துவிடும்.

நான் எண்ணினேன், ஆனால் குழலைக் கடைந்த பிறகு. கடைவதற்கு முன் ஒரு காகிதம்கூடச் சுட்டுப் பார்க்கவில்லை. அதனால் காசு கொடுத்து வாங்கியது என்ன என்பதை இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. அந்தக் காகிதங்கள் வேறொன்றைக் காட்டிக்கொடுத்தன. கொத்து முழுவதும் ஒரு சாண் இடப்பக்கம் விழுந்திருந்தது. குற்றம் குழலில் இல்லை, கன்னத்தில் பொருந்தாத மரக்கட்டையில். கட்டையைச் சரிசெய்த பிறகுதான் 21, 22 என்று வர ஆரம்பித்தது.

உண்மையில் பலன் தரும் குழல்வேலை ஒன்று இருந்தால், அது சோக்தான். ஸ்கீட்டில் தட்டு 20 மீட்டரைச் சுற்றித்தான் உடைகிறது. அங்கே ஃபுல் சோக்கோடு நிற்பவர் சின்னக் கொத்தை வைத்துக்கொண்டு திண்டாடுவார். நிலையான இறுக்கமான சோக்கைக் கொஞ்சம் திறந்துவிட்டால் வித்தியாசம் காகிதத்திலேயே தெரியும். இரும்பு ரவை பயன்படுத்துவோருக்கும் இது முக்கியம். ஈயம்போல் அது நெளிந்து கொடுக்காது, இறுக்கமான பழைய சோக்கைப் புடைக்க வைத்துவிடும். ஆனால் கடைந்த இரும்பு திரும்பி வராது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் காகிதம் பார்த்து.

போர்ட்டிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாய் மேலே தூக்குவது சற்றுக் குறையும், பக்கத்தில் நிற்பவர் காது கிழியும். நான் போட மாட்டேன்.

எந்த வேலையானாலும் முதலில் குழல் சுவரின் தடிமனை அளக்க வேண்டும். அது வீட்டு மேசையில் செய்கிற காரியம் இல்லை. சுவர் மெலிந்த குழல் வெடித்தால் அருகில் இருப்பது உங்கள் இடது கை. உள்ளே குரோமியம் பூசியிருந்தால் சாதாரணக் கடைசல் கருவி அதில் ஏறாது. பிரிட்டனில் குழல் வெடிப்பைத் தாங்கும் என்று சோதித்து முத்திரை குத்துவார்கள்; உள்விட்டம் அந்த முத்திரை அனுமதிக்கும் அளவைத் தாண்டிவிட்டால், மறுசோதனை இல்லாமல் அதை விற்பது குற்றம். பர்மிங்ஹாமில் அதற்கென்றே 1813 முதல் ஒரு சோதனைச் சாலை இயங்குகிறது. குழலை வெட்டிக் குட்டையாக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். பல நாடுகளில் சட்டம் குறைந்தபட்ச நீளத்தை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் அது 18 அங்குலம்.

கடைந்த அந்தத் துப்பாக்கி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருகிப் போடும் சோக் ஐந்து வாங்கி வைத்திருக்கிறேன். நான்கு வருடமாக ஒன்றைத்தான் போட்டுச் சுடுகிறேன், மற்ற நான்கும் பெட்டியைவிட்டு வெளியே வந்ததில்லை.