ஒன்பது நாள் வாரம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க நெடுந்தூர ஓட்டக்காரர் மெப் கெஃப்லெஸிகி தன் மிக வேகமான மாரத்தானை ஓடியபோது அவருக்கு வயது 38. பெரும்பாலானோர் காலணியைக் கழற்றிவிடும் வயது அது. எப்படி முடிந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

மெப் பிறந்தது 1975இல், எரித்ரியாவின் அஸ்மாராவில். எத்தியோப்பியாவுடனான விடுதலைப் போர் குடும்பத்தை முதலில் இத்தாலிக்கும், 1987இல் அமெரிக்காவின் சான் டியாகோவுக்கும் விரட்டியது. அங்கே ஏழாம் வகுப்பு உடற்பயிற்சி வகுப்பில், பயிற்சி எதுவுமில்லாமல், ஒரு மைலை 5 நிமிடம் 20 விநாடியில் ஓடினார். பிறகு யுசிஎல்ஏ பல்கலைக்கழகம், பாப் லார்சன் என்ற பயிற்சியாளர். 1998இல் குடியுரிமை கிடைத்தது. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடி 12ஆவதாக வந்தார். மறு ஆண்டு அதே தூரத்தில் 27 நிமிடம் 13.98 விநாடி என்று அமெரிக்க சாதனை. அது 2010 வரை நின்றது.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தான் அவருக்கு நாலாவது மாரத்தான்தான். மாலை ஆறு மணி, நல்ல வெக்கை, பாதிக்கு மேல் ஏற்றம். ஓட்டம் தொடங்கும்வரை பனிக்கட்டி வைத்த மேலங்கி அணிந்திருந்தார். உடம்பின் உள்வெப்பம் ஓரளவுக்கு மேல் ஏறினால் கால் தானாகவே தளரும். குறைந்த வெப்பத்தில் கிளம்பினால் அந்த எல்லை சற்றுத் தள்ளிப்போகும். 2 மணி 11 நிமிடம் 29 விநாடியில் (2:11:29) வெள்ளி.

அதன் பின்னே அடி மேல் அடி. 2007 நவம்பரில் ஒலிம்பிக் தகுதிப்போட்டியில் எட்டாமிடம். இடுப்பெலும்பில் விரிசல் இருந்தது பிறகுதான் தெரிந்தது. ஒரே இடத்தில் விழும் சிறு அதிர்ச்சிகள், எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்வதைவிட வேகமாகச் சேர்ந்தால் இப்படி விரிசல் விடும். மீண்டு வந்து 2009இல் நியூயார்க்கை வென்றார். 1982க்குப் பின் அங்கே வென்ற முதல் அமெரிக்க ஆண் அவர். 2011இல் அதே நியூயார்க்கில் வேறொரு கூத்து: மூக்கில் ஒட்டும் பட்டை ஒன்று காலணிக்குள் கிடந்ததைக் கவனிக்காமல் 42 கிலோமீட்டரும் ஓடிவிட்டார். உராய்ந்து புண்ணாகிப் பாதத்தில் கிருமி ஏறியது. அடுத்த தகுதிப்போட்டிக்கு இருந்ததோ 69 நாள். அதிலும் சில வாரம் போயிற்று. ஆனாலும் 2012 ஜனவரியில் ஹூஸ்டனில் நடந்த அந்தத் தகுதிப்போட்டியில் வென்று, லண்டன் ஒலிம்பிக்கில் நாலாமிடம் வந்தார். காலணியை உதறிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்களே, அதேதான்.

வயது ஏறியபின் அவர் செய்த பெரிய மாற்றம் பயிற்சிச் சுற்றை ஏழு நாளிலிருந்து ஒன்பது நாளாக்கியது. இடைவெளி ஓட்டம் (வேகமாகவும் மெதுவாகவும் மாறிமாறி ஓடுவது), சீரான வேக ஓட்டம், நெடுந்தூர ஓட்டம் ஆகிய மூன்றும்தான் கடினமானவை. ஒவ்வொன்றுக்கும் பின் இரண்டு நாள் இலகு ஓட்டம். ஏழு நாளுக்குள் மூன்றையும் திணித்தால், தசை ஆறுவதற்குள் அடுத்த சுமை வந்து உட்காரும். இருபது வயது உடம்பு அதைத் தாங்கும். முப்பத்தைந்துக்கு மேல் கெண்டைக்காலும் தொடைப் பின்தசையும் முதலில் முரண்டு பிடிக்கும். வாரம் என்பது நாட்காட்டிக் கணக்கு, தசைக்கு அது தெரியாது. ஓட்டத்தில் குறைந்ததை மிதிவண்டி மாதிரியான ஒரு கருவியில், நின்றபடி மிதித்து ஈடுசெய்தார்; மூச்சுக்கு வேலை கிடைக்கும், பாதத்தில் இடி விழாது.

2014 பாஸ்டன். முந்தைய ஆண்டு மாரத்தானின்போது குண்டு வெடித்த ஊர். களத்தில் 2:03:45 ஓடியிருந்த டென்னிஸ் கிமெட்டோ இருந்தார். மெப்பின் சிறந்த நேரமோ 2:09:08. எட்டாவது மைல் வாக்கில் மெப்பும் ஜோஸ்பாட் பாய்ட்டும் முன்னே போனார்கள். தானே திரும்பி வருவார்கள் என்று பின்னால் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம் எப்போதும் செய்யும் தவறு இது. தடத்தின் பிந்தைய பாதியில் வரும் நியூட்டன் மேடுகளுக்குள் மெப் தனியாகிவிட்டார். கடைசி மைல்களில் வில்சன் செபெட் நெருங்கி வந்தும், 11 விநாடி மிச்சமிருந்தது. 2:08:37இல் வெற்றி, தொடக்கத்தில் சொன்ன அந்த மிக வேகமான மாரத்தான் இதுதான். எண் அட்டையின் நான்கு மூலைகளிலும், அந்த வெடிப்பிலும் அதைத் தொடர்ந்தும் இறந்த நால்வரின் பெயர்களை எழுதியிருந்தார்.

2017 நவம்பரில், 42 வயதில், நியூயார்க்கில் 2:15:29 ஓடி 11ஆவதாக வந்து நிறுத்திக்கொண்டார். அது அவருடைய 26ஆவது மாரத்தான்; மாரத்தான் 26 மைல் சொச்சம் என்பதால், மைலுக்கு ஒன்று. நன்றி, வணக்கம்.