பாட்டுக்கு நடுவே ஒரு குரல்

நேயர்களுக்கு வணக்கம். மைக்செட்காரன் ஒருவனை எலக்ட்ரானிக் இசை பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் கோயில் கொடைக்கும் காதணி விழாவுக்கும் குழாய் கட்டுகிற குடும்பம் எங்களுடையது. ராத்திரி ஆம்ப்ளிஃபயரை ஏறக்கட்டிவிட்டுப் படுக்கும்போது நான் காதில் மாட்டிக்கொள்வது ட்ரான்ஸ் இசை. கம்ப்யூட்டரிலும் சிந்தசைசர் என்கிற மின்னணு வாத்தியத்திலும் உருவாக்குவது, நிமிடத்துக்கு 130, 140 தட்டு, பாதிக்கு மேல் பாடகரே கிடையாது. எங்கள் அப்பா இதற்கு வைத்த பெயர் மாவு மில்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. சினிமாப் பாட்டு என்றால் கேட்டதுமே ஒரு முகம் வந்துவிடும். நடித்தவர் முகம், பாடியவர் குரல், எழுதியவர் பெயர், எந்தத் தியேட்டரில் பார்த்தோம் என்பது வரைக்கும் வரும். இந்த இசைக்கு முகம் கிடையாது. ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்பதே பிடிபடாது, அப்படி இழைத்திருப்பார்கள். அந்த முகத்தை இதைச் செய்கிறவர்கள் எங்கே தேடிக்கொண்டார்கள்? பாட்காஸ்ட்டில். அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

பாட்காஸ்ட் என்றதும் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது நினைவுக்கு வரும். இவர்களுடையது வேறு மாதிரி. வாரம் ஒரு தடவை, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, புதுப் பாட்டுகளைக் கோத்து, நடுநடுவே பேசி வெளியிடுவார்கள். இந்த நிகழ்ச்சி எனக்கு வேண்டும் என்று ஒரு தடவை நீங்கள் பதிந்துவைத்தால் போதும், அடுத்தடுத்த வாரம் தானாக உங்கள் போனுக்கு வந்துவிடும். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் என்கிற பாட்டு மென்பொருளில் இந்த வசதியைச் சேர்த்த பிறகு இது பரவலானது. அதற்கு முன்பும் வானொலி உண்டு. பிபிசி ரேடியோ 1-இல் 'எசென்ஷியல் மிக்ஸ்' 1993-லிருந்து ஓடுகிறது. ஆனால் அங்கே டிஜே, அதாவது பாட்டுகளை இழைத்துப் போடுகிறவர், விருந்தாளி, வந்து வாசித்துவிட்டுப் போக வேண்டியதுதான். பாட்காஸ்ட்டில் அவரே வீட்டுக்காரர்.

நெதர்லாந்துக்காரர் ஆர்மின் வான் பியூரன் 2001-இல் 'எ ஸ்டேட் ஆஃப் ட்ரான்ஸ்' என்று வானொலியில் ஆரம்பித்தார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அதன் 1000-ஆவது நிகழ்ச்சி வந்தது 2021 ஜனவரியில். வருஷத்துக்கு 52 வாரம் என்று வகுத்துப் பாருங்கள், பத்தொன்பது வருஷத்துக்கு மேல் வாரா வாரம் வந்து நின்றிருக்கிறார் மனிதர். ஊர் ஊராக, நாடு நாடாகக் கச்சேரிக்குப் போகிற ஆள்! அடுத்து எந்தப் பாட்டு எடுபடும், இந்த வருஷத்தின் சிறந்த பாட்டு எது என்று கேட்கிறவர்களையே ஓட்டுப் போடவும் வைத்தார். தான் ஓட்டுப் போட்ட பாட்டு ஜெயித்ததா என்று பார்க்கவாவது அடுத்த வாரம் வந்துதானே ஆக வேண்டும்?

இங்கே எங்கள் தொழில் சமாச்சாரம் ஒன்று சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் காதணி விழாவில் செய்முறை எழுதுகிற மேசையிலிருந்து சீட்டு சீட்டாக மைக்குக்கு வரும். இன்ன ஊர், இன்னார், இவ்வளவு ரூபாய். அதுவரைக்கும் பாட்டை ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். பந்தியில் ஒரே சத்தம். பாட்டை இறக்கி, மைக்கை ஏற்றி, முதல் பெயரை வாசித்ததும் பாருங்கள், சாம்பார் வாளியோடு போகிறவர்கூட நின்றுவிடுவார். தன் பெயர் வருகிறதா, தன் ஊர் வருகிறதா, பங்காளி எவ்வளவு செய்தான்! ஒரு பெரியவர் வாசித்த பிறகும் என் பக்கத்தில் வந்து, "தம்பி, சத்தம் பத்தல, இன்னொரு வாட்டி சொல்லு" என்பார். குழாய் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். அவருக்கும் கேட்டிருக்கும். இன்னொரு தடவை கேட்க ஆசை, அவ்வளவுதான்.

இலங்கை வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து வாசித்த காலத்து ஆட்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பாட்டு மூன்று நிமிடம், பெயர்ப் பட்டியல் அதில் பாதி. யாராவது அலுத்துக்கொண்டோமா?

அதையேதான் இவர்களும் செய்கிறார்கள். லண்டனை மையமாக வைத்து இயங்கும் மூவர் அணி, 'அபவ் அண்ட் பியாண்ட்'. இவர்களுடைய வார நிகழ்ச்சி முதலில் 'ட்ரான்ஸ் அரவுண்ட் த வேர்ல்ட்'. நிகழ்ச்சியின் நடுவே, உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்து கேட்கிறவர்கள் அனுப்பிய செய்திகளைப் பெயரோடும் ஊரோடும் வாசிப்பார்கள். 2012 நவம்பரில் 450-ஆவது நிகழ்ச்சியோடு அதை முடித்து, அன்றைக்கே 'குரூப் தெரபி' என்று புதிதாகத் தொடங்கினார்கள். எங்கே? நம் பக்கத்து பெங்களூரில்! என் அக்கா மகன் மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறிப் போனான். வீட்டில் சொன்னது, இன்டர்வியூ. அந்தக் கூட்டத்துக்குள் பாட்டைப் பற்றிப் பேசினதைவிட, "எந்த வாரத்திலிருந்து நீ கேட்கிறாய்" என்றுதான் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்களாம். பிற்பாடு ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் அனுப்பிய செய்தியை வாசித்தார்கள். 'மடூராய்' என்றார் வாசித்தவர். மீனாட்சி அம்மன் மன்னிக்கட்டும். அந்த அரை நிமிடத்தை வெட்டியெடுத்துப் போனில் வைத்திருக்கிறான், கல்யாண வீட்டில்கூடப் போட்டுக் காட்டினான்.

இவர்கள் மேடையில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு ரசிகரை மேலே கூப்பிட்டு, பட்டனை அழுத்தச் சொல்வார்கள். அவர் அழுத்தியதும் தாளம் முழு பலத்தோடு வந்து விழும். வார நிகழ்ச்சியில் பெயர் வாசிப்பதன் பெரிய வடிவம் என்று அதைச் சொல்வேன்.

இதெல்லாம் தர்மம் என்று நினைத்துவிட வேண்டாம், வியாபாரமும் இருக்கிறது. ஆர்மினுக்கு 'ஆர்மடா', இவர்களுக்கு 'அஞ்சுனாபீட்ஸ்' என்று சொந்த வெளியீட்டு நிறுவனங்கள் உண்டு. வெளிவராத பாட்டைப் பெயர் சொல்லாமல் நிகழ்ச்சியில் போடுவார்கள், ரசிகர்கள் 'இது என்ன பாட்டு' என்று வாரக்கணக்கில் தேடுவார்கள், பிறகு அது விற்பனைக்கு வரும். இலவச நிகழ்ச்சிதான் கடையின் வாசல். அதில் எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். நம் ஊர்ப் பையன்கள் எப்படித் தொடங்கலாம் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அடுத்தவர் பாட்டை இழைத்துப் போடுவதென்றால் உரிமைக்காரருக்குப் பணம் போக வேண்டும், இல்லாவிட்டால் தளங்கள் தூக்கிவிடும். மிக்ஸ்கிளவுட் போன்ற இடத்தில் அந்தக் கட்டணத்தைத் தளமே பார்த்துக்கொள்கிறது, ஆனால் கேட்கத்தான் முடியும், கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். சொந்தப் பாட்டு என்றால் இந்தத் தொல்லை இல்லை. விலை உயர்ந்த மைக் தேவையில்லை, மெத்தையும் துணியும் நிறைந்த அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசினால் எதிரொலியும் இரைச்சலும் அடங்கிவிடும். கிழமையை மாற்றாதீர்கள். கேட்கிறவர் பத்துப் பேராக இருந்தாலும் பத்துப் பெயரையும் வாசியுங்கள், ஊரோடு சேர்த்து. எங்கள் உசிலம்பட்டியை யாராவது... சரி, நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வணக்கம்.