அடித்துத் திருத்திய சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று பேசுகிறேன். ஒரே ஒரு சொல்லில் தொடங்குகிறேன். வில்லியம் பிளேக் என்ற கவிஞரின் கையெழுத்துக் குறிப்பேடு ஒன்று இன்றும் பாதுகாப்பாக இருக்கிறது. ‘லண்டன்’ என்ற பதினாறு வரிக் கவிதையை அவர் அதில் எழுதிப் பார்த்திருக்கிறார். அழுக்குத் தெரு ஒவ்வொன்றிலும் அலைகிறேன், அருகே அழுக்குத் தேம்ஸ் ஓடுகிறது என்றுதான் முதலில் எழுதினார். 1794இல் கவிதை வெளியானபோது இரண்டு இடத்திலும் ‘அழுக்கு’ போய்விட்டது. அந்த இடத்தில் ‘சார்ட்டர்ட்’ என்ற சொல் வந்து உட்கார்ந்திருந்தது. சாசனம் எழுதப்பட்ட தெரு, சாசனம் எழுதப்பட்ட தேம்ஸ்.

அழுக்கு கண்ணுக்குத் தெரியும். அந்தத் தெருவில் நடந்த யாரும் எழுதியிருக்கலாம். சாசனம் கண்ணுக்குத் தெரியாது. இங்கிலாந்தில் முடியாட்சி நகரங்களுக்கும் வணிகக் குழுமங்களுக்கும் சாசனம் வழங்கித் தனியுரிமை கொடுத்துவந்தது. 1600இல் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்ததும் அப்படி ஒரு சாசனத்தால்தான். சாசனம் உரிமை தருகிறது என்பதே தவறான பேச்சு, அது உண்மையில் மற்றவர்களின் உரிமையைப் பறிக்கிறது என்று 1792இல் அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெயின் வாதாடினார். அந்த வாதத்தின் சூடு ஆறுவதற்குள் பிளேக்கின் கவிதை வந்தது. இப்போது அந்தச் சொல்லைத் திரும்பப் படித்தால், தெருவில் நடப்பவனுக்குத் தெருவே சொந்தமில்லை என்ற எண்ணம் நெஞ்சில் வந்து விழுகிறது.

இந்த ஒரு திருத்தத்தைப் புரிந்துகொள்ள வாசகனாகவும் இருக்க வேண்டும், எழுதுகிறவனாகவும் இருக்க வேண்டும். நம் மாணவர்களோ இரண்டையும் வேறு வேறு பாடங்களாகவே பார்க்கிறார்கள். காலை வகுப்பில் கவிதையை அலசுகிறார்கள், மாலை வகுப்பில் கதை எழுதுகிறார்கள். முன்னதற்கு அறிவு, பின்னதற்கு உணர்ச்சி என்று பாகம் பிரித்துவிடுகிறார்கள். இத்தனை ஆண்டுகள் கற்பித்த பிறகும் இந்தப் பாகப்பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை.

வாசிப்பதே எளிதான வேலை என்ற நினைப்பை இலக்கியத் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் உடைத்துக் காட்டினார். கேம்பிரிட்ஜில் தம் மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்தார். எழுதியவர் பெயரையும் காலத்தையும் மறைத்துவிட்டார். மாணவர்கள் எழுதித் தந்த கருத்துகளை 1929இல் புத்தகமாக்கினார். நன்கு படித்த பிள்ளைகள்கூட நேர்ப்பொருளையே தவறவிட்டிருந்தார்கள். புகழ்பெற்ற பெயர் கண்ணில் படாததால் நல்ல கவிதையை ஒதுக்கினார்கள், கேட்டுப் பழகிய சோகத்தைக் கண்டதும் உருகினார்கள். இன்றும் இதே கதைதான். கவிதையை ஒருமுறை ஓட்டிவிட்டு, ‘இது அதிகாரத்தை எதிர்க்கிறது’ என்று முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதும் கட்டுரைகளை ஒவ்வொரு பருவத்திலும் திருத்துகிறேன். கோட்பாடு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாசனத்தின் வரலாறு தெரியாமல் பிளேக் புரியமாட்டார் என்று இப்போதுதானே சொன்னேன். ஆனால் சொல்லை முதலில் பார்க்க வேண்டும். எந்தச் சொல், ஏன் அந்தச் சொல், அதற்கு முன் அங்கே என்ன இருந்திருக்கும்? எழுதிப் பார்த்தவனுக்குத்தான் இந்த மூன்றாவது கேள்வி தானாக வரும்.

அதனால் சானெட் என்ற கவிதை வடிவத்தைப் பாடம் நடத்துவதற்கு முன் ஒரு சானெட் எழுதிவரச் சொல்லுவேன். பதினான்கு வரி, வரிக்கு ஐந்து அசைச்சீர். நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. எட்டாவது வரியை முடித்து ஒன்பதாவது வரிக்கு வரும்போது, சொல்ல வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டோமே, இன்னும் ஆறு வரிகள் மிச்சமிருக்கின்றனவே என்று ஒரு தவிப்பு வரும். அந்தத் தவிப்பிலிருந்துதான் கவிதையின் எண்ணம் வேறு பக்கம் திரும்பும் அந்தத் திருப்பம் பிறக்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.

எழுத்தைக் கற்பிக்க முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இலேயே எழுத்துப் பட்டறை தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் படைப்பெழுத்து முதுகலைப் படிப்பு 1970இல் வந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ அங்கே படித்தவர். மேதைமையைக் கற்பிக்க முடியாது. தன் பக்கத்தை அடுத்தவர் பக்கம்போலப் பார்க்கக் கற்பிக்க முடியும், அதுவே பெரிய விஷயம். கதையை எழுதியவர் வாய் திறக்காமல் இருக்க, மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவது பட்டறையின் பழைய வழக்கம். நானும் அதைக் கண்டிப்பாகப் பின்பற்றினேன். இப்போது, எங்கே உதவி தேவை என்பதை எழுதியவர் முதலில் சொல்லிவிட்டு அமைதியாகலாம் என்று மாற்றிவிட்டேன். கூச்சம் உள்ள பிள்ளைகள் அடிபட்டுப்போவதைப் பார்த்த பிறகு செய்த மாற்றம் அது.

ஒரு மாணவி தன் பாட்டியின் மறைவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். ‘அறை முழுதும் சோகம் நிறைந்திருந்தது’ என்று ஒரு வாக்கியம். பொய்யில்லை, அவளுக்கு அது உண்மைதான். ஆனால் அந்த அறைக்குள் என்னால் நுழைய முடியவில்லை. “மேசைமேல் என்ன இருந்தது?” என்று மட்டும் கேட்டேன். இரண்டாவது பிரதியில் மூக்குக் கண்ணாடி வந்தது, ஒரு சீப்பு வந்தது, அவற்றோடு சோகமும் அப்படியே இருந்தது. நான்காவது பிரதியில் மூன்றையும் அடித்திருந்தாள். வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி ஒன்று மட்டும் நின்றது: ‘புதன்வரை காலி. வியாழனிலிருந்து நிரம்பியிருந்தது.’ வகுப்பில் அவள் வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் போலந்து மொழியில் வளர்ந்தவர்; ஆங்கிலத்தைக் கற்கத் தொடங்கியதே இருபது வயதை ஒட்டித்தான். பிறமொழியில் எழுதும்போது எந்தச் சொல்லும் சும்மா வந்துவிடுவதில்லை, ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. அந்த மெதுவை நான் குறையாக எண்ணவில்லை.

ஆகவே மாணவர்களே, உங்கள் பிரதிகளை அழித்துவிடாதீர்கள். தேதி போட்டு வையுங்கள். கணினியில் பழைய சொல்லின்மேல் புதிய சொல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, எதை விட்டு எதை எடுத்தோம் என்பது நமக்கே தெரியாமல் போகிறது. பிளேக்கின் குறிப்பேடு இல்லாமல் போயிருந்தால் அந்த ‘அழுக்கு’ நமக்கு எப்படித் தெரியும்?

மாத்திரைப் பெட்டியைப் பற்றி எழுதிய அந்த மாணவி, அதே பருவத்தின் கடைசியில் ‘லண்டன்’ கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். பிளேக் எதைக் கண்டிக்கிறார் என்று தொடங்கவில்லை. அந்தச் சொல் ஏன் இரண்டு முறை வருகிறது என்று தொடங்கினாள். தெருவுக்குச் சாசனம் எழுதியது புரிகிறது, ஓடிக்கொண்டேயிருக்கும் தண்ணீருக்கு எப்படி எழுதினார்கள் என்று கேட்டிருந்தாள். மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு, அந்தக் கவிதையை நான் மறுபடி எடுத்துப் படித்தேன்.

நன்றி, வணக்கம்.