பட்டம் வென்ற பிறகுதான் வேலை: லெதர் சமூகத்தின் சுயமரியாதைக் கதை

(திரையில்: கொடி மட்டும். இசை இல்லாமல் ஐந்து விநாடி.)

வணக்கம். இந்தக் கொடியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மொத்தம் ஒன்பது பட்டைகள். கறுப்பு, நீலம், மறுபடி கறுப்பு, நீலம். நட்ட நடுவில் ஒரே ஒரு வெள்ளை. அதற்குக் கீழே மறுபடியும் நீலமும் கறுப்பும். இடது பக்க மேல் மூலையில் ஒரு பெரிய சிவப்பு இதயம்.

வெளிநாட்டுப் பேரணிப் படங்களில் வானவில் கொடிக்குப் பக்கத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். வானவில் கொடி யாருடையது என்று இன்றைக்குப் பலருக்கும் தெரியும். இது யாருடையது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அப்படியே வந்தாலும் ஒரு நமட்டுச் சிரிப்போடு வரும். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கிறது. அதனால்தான் இந்த வீடியோவை எடுத்தேன். இது லெதர் சமூகத்தின் கொடி. கறுப்புத் தோல் உடையைத் தங்கள் அடையாளமாகக் கொண்ட, பெரும்பாலும் தன்பாலீர்ப்புள்ளவர்களின் சமூகம் அது.

1989 மே 28, சிகாகோ. 'சர்வதேச மிஸ்டர் லெதர்' போட்டி நடந்துகொண்டிருக்கிறது. அங்கேதான் டோனி டிப்லேஸ் தான் உருவாக்கிய இந்தக் கொடியை முதல்முறையாக எடுத்துக் காட்டினார். லெதர் சமூகத்துக்காகப் பத்திரிகை நடத்தியவர் அவர். அதே மனிதர் பாலூட்டிகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிய விலங்கியலாளரும்கூட. ஈரான் நாட்டு வௌவால்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். இந்த விவரத்தை வேண்டுமென்றே சொல்கிறேன். கறுப்புத் தோல் ஜாக்கெட்டைப் பார்த்ததும் 'இவர் இப்படித்தான்' என்று மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோமே, அந்த முடிவுக்குள் இந்த வௌவால் புத்தகம் எங்கே அடங்கும்?

1969இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் பாரில் போலீஸ் சோதனையை எதிர்த்துத் தன்பாலீர்ப்புள்ளவர்கள் திரண்ட ஸ்டோன்வால் எழுச்சி நடந்து 20 ஆண்டு நிறையப்போகிற நேரம் அது. நமக்கும் ஓர் அடையாளம் வேண்டும் என்று டிப்லேஸ் நினைத்தார். இதை ஒரு முதல் வரைவு என்றுதான் அவர் கொண்டுவந்தார். நாலு பேர் திருத்தம் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். நிறங்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, பார்ப்பவர்களே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் கொடியை யாரும் மாற்றவில்லை. அடுத்த மாதமே ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் பேரணியில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

சரி, லெதர் சமூகம் என்றால் யார்?

(திரையில்: 1950களின் மோட்டார் சைக்கிள் குழு, கறுப்பு வெள்ளைப் படம்.)

இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்க வீரர்கள் ஊர் திரும்புகிறார்கள். அவர்களில் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் நிறையப் பேர். பிடிபட்டவர்களுக்கு ராணுவம் 'நீலச் சீட்டு' என்ற பணிவிலக்குத் தாளைக் கொடுத்து அனுப்பியது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு சொந்த ஊரில் வேலை தேடவும் முடியாது, வீட்டுக்குப் போய் விளக்கம் சொல்லவும் முடியாது. பலர் சான் பிரான்சிஸ்கோ மாதிரியான துறைமுக நகரங்களிலேயே தங்கிவிட்டார்கள். பட்டாளத்தின் தோழமையும் மோட்டார் சைக்கிளும் தோல் ஜாக்கெட்டும் சேர்ந்து ஒரு வாழ்க்கை முறை உருவானது. 1954இல் லாஸ் ஏஞ்சலஸில் 'சாட்டிர்ஸ்' என்ற மோட்டார் சைக்கிள் கிளப் தொடங்கியது. தன்பாலீர்ப்புள்ளவர்கள் என்றால் மென்மையானவர்கள், நடுங்குகிறவர்கள் என்று ஊர் வரைந்து வைத்திருந்த படத்தை அவர்கள் ஏற்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சமூகத்தில் உடை மட்டுமல்ல, பாலுறவில் அதிகாரத்தையும் வலியையும் விளையாட்டாகக் கையாளும் பழக்கமும் உண்டு. எல்லாரும் அப்படி என்றில்லை, ஆனால் உண்டு. அதனாலேயே சம்மதம் என்ற சொல்லை இவர்கள் அளவுக்கு யோசித்துப் பேசியவர்கள் குறைவு. 'பாதுகாப்பு, நிதானம், சம்மதம்' என்ற வாசகம் 1980களில் நியூயார்க்கில் ஜிஎம்எஸ்எம்ஏ என்ற, இந்தப் பழக்கமுள்ள தன்பாலீர்ப்பு ஆண்களின் அமைப்பிலிருந்து வந்தது. அதைச் சட்டைகளில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு 1987 வாஷிங்டன் பேரணியில் நடந்தார்கள்.

இனி பட்டப் போட்டிக்கு வருகிறேன்.

சிகாகோவில் 'கோல்ட் கோஸ்ட்' என்று ஒரு பார். நடத்தியவர் சக் ரென்ஸ்லோ. அவருடைய துணைவர் டோம் ஒரெஹுடோஸ், பாலே நடனக் கலைஞர், ஓவியர். அமெரிக்காவிலேயே முதலாவதாகத் தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்த மாநிலம் இலினாய். 1962இலேயே அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அப்புறமும் போலீஸ் சோதனைகள் நிற்கவில்லை. சட்டம் மாறிய வேகத்தில் லத்தி மாறுவதில்லை, அது நமக்குத் தெரிந்ததுதான்.

அந்த பாரில் 'மிஸ்டர் கோல்ட் கோஸ்ட்' என்று ஒரு சின்னப் போட்டி நடத்தினார்கள். கூட்டம் பாருக்குள் அடங்கவில்லை. 1979இல் அதை வெளியே கொண்டுவந்து 'சர்வதேச மிஸ்டர் லெதர்' என்று பெயர் வைத்தார்கள். முதல் பட்டம் டேவிட் குளோஸுக்கு, சான் பிரான்சிஸ்கோக்காரர். 1987இல் பெண்களுக்காக 'சர்வதேச மிஸ் லெதர்' தொடங்கியது.

(திரையில்: மேடையில் வரிசையாக நிற்கும் போட்டியாளர்கள், மார்பில் தோல் பட்டைகள்.)

பார்க்க அழகுப் போட்டி மாதிரிதான் இருக்கும். மேடை, வெளிச்சம், கைதட்டல், தோளில் குறுக்கே போடும் சாஷ். தொடக்கத்தில் அழகுதான் கணக்கில் அதிகம் இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் போட்டியின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. மேடை ஏறுவதற்கு முன்பே, கதவைச் சாத்திக்கொண்டு நடுவர்கள் நேர்காணல் நடத்துகிறார்கள். நீ யார், உன் ஊரில் என்ன செய்திருக்கிறாய், உன்னிடம் ஒலிபெருக்கி கொடுத்தால் என்ன பேசுவாய்? பிறகு மேடையில் எல்லார் முன்னாலும் பேச வேண்டும். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு பாரில் அல்லது கிளப்பில் ஏற்கெனவே பட்டம் வென்று, அந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டுதான் பெரும்பாலானவர்கள் இங்கே வருகிறார்கள்.

வென்றால் அடுத்த ஓராண்டு பயணம்தான். வார இறுதியில் ஓர் ஊர், அங்கே நிதி திரட்டல், இன்னோர் ஊரில் நடுவர் வேலை, மற்றோர் ஊரில் பேச்சு. இது எதற்கு என்று கேட்டால், 1980களுக்குப் போக வேண்டும்.

எய்ட்ஸ் வந்தது. இந்தச் சமூகத்தை அது சும்மா தொட்டுவிட்டுப் போகவில்லை, வாரிக்கொண்டு போனது. ஒரெஹுடோஸும் 1991இல் எய்ட்ஸால்தான் இறந்தார். குடும்பம் கைவிட்ட பிள்ளைகள், வாடகை கட்ட முடியாத நோயாளிகள், இரவல் கட்டிலில் கிடந்தவர்கள். வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் உடனே கொஞ்சம் பணம் கொடுப்பதற்காக சான் பிரான்சிஸ்கோவில் 1982இல் எய்ட்ஸ் அவசர நிதி தொடங்கப்பட்டது. அதற்காகக் கை நீட்டியவர்களில் ஆலன் செல்பி ஒருவர். தோல் உடைக் கடைக்காரர். அந்த ஊரில் லெதர் பார்கள் நிறைந்த ஃபால்சம் தெருவின் மேயர் என்று அவரைச் செல்லமாக அழைப்பார்கள். சாஷ் போட்டவர் ஒருவர் பாருக்குள் வாளியோடு வந்தால் பணம் விழுந்தது. அதுதான் அந்தத் தோல் பட்டையின் பயன். அரசாங்கம் வாய் திறக்காத நாட்களில், சாஷ் போட்டவருக்குப் பேச ஒரு மேடை இருந்தது.

1998இல் பட்டம் வென்ற டோனி மில்ஸ் ஒரு மருத்துவர். தனக்கு எச்ஐவி இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். ஒரு மருத்துவர் அதைச் சொல்லிவிட்டு, அதே உடம்போடு மேடையில் நின்று வெல்கிறார் என்றால், கீழே கூட்டத்தில் ரத்தப் பரிசோதனை முடிவைச் சட்டைப் பைக்குள் மறைத்து வைத்திருந்த ஒருவருக்கு அன்றைய இரவு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

2010இல் வென்றவர் டைலர் மெக்கார்மிக், நியூ மெக்சிகோக்காரர். நம் சொல்லில் திருநம்பி. சக்கர நாற்காலியில் இருப்பவர். இரண்டு வகையிலும் முதல் ஆள் அவர்தான். ஆண்மை என்றால் இந்த மார்பு, இந்தத் தோள் என்று 31 ஆண்டு பழகிய மேடை அது. எல்லாருக்கும் அது உடனே ஜீரணமானதாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பட்டம் அவருக்குப் போனது.

பணம் திரட்டுவது ஒரு பாதி. மறு பாதி வாதாடுவது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இவர்களின் விருப்பங்களை நோய் என்று எழுதி வைத்திருந்தது. கையேட்டில் ஒரு வரி இருந்தால் போதும். விவாகரத்து வழக்கில் பிள்ளையைப் பறிக்கலாம், வேலையிலிருந்து தூக்கலாம். 1989இல், கொடி வந்த அதே ஆண்டில், மிஸ்டர் லெதர் பட்டம் வென்றவர் கை பால்ட்வின், உளச்சிகிச்சையாளர். அவரும் லெதர் செயற்பாட்டாளர் ரேஸ் பேனனும் அந்த வரிகளை மாற்றச் சொல்லிப் போராடினார்கள். 1997இல் பாலியல் சுதந்திரத்துக்கான தேசியக் கூட்டணி தொடங்கியது. அதைத் தொடங்கியவர் சூசன் ரைட். 2013 பதிப்பில்தான் கையேடு தெளிவாகப் பிரித்துச் சொன்னது: ஒருவரின் விருப்பம் வேறுபட்டது என்பதாலேயே அது நோயாகாது, துன்பமோ அடுத்தவருக்குத் தீங்கோ இருந்தால்தான் கோளாறு.

பிரிட்டனில் இந்த அளவு நல்ல முடிவு இல்லை. 'ஸ்பேனர்' வழக்கில், தங்களுக்குள் சம்மதத்தோடு நடந்ததற்காக ஆண்கள் 1990இல் தண்டிக்கப்பட்டார்கள். 1993இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்று தண்டனையை உறுதிசெய்தார்கள். 1997இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் கைவிட்டது.

(திரையில்: செங்கல் சுவரில் பெரிய ஓவியம்.)

சான் பிரான்சிஸ்கோவில் 'டூல் பாக்ஸ்' என்று ஒரு பார் இருந்தது. அதன் சுவரில் சக் ஆர்னெட் கறுப்பு வெள்ளையில் ஆண்களை வரைந்திருந்தார். 1964இல் 'லைஃப்' பத்திரிகை அந்தச் சுவரை இரண்டு பக்க நீளத்துக்கு அச்சிட்டது. சிறு நகரங்களில் தனியாகக் கிடந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து, போக ஓர் ஊர் இருக்கிறது என்று கிளம்பி வந்தார்கள். பிற்பாடு நகர மேம்பாடு என்று சொல்லி அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். மற்றதெல்லாம் விழுந்த பிறகும் ஓவியச் சுவர் மட்டும் கொஞ்ச காலம் தெருவைப் பார்த்து நின்றது.

அந்த மேம்பாட்டை எதிர்த்து, குடியிருப்பாளர்களையும் சிறு கடைக்காரர்களையும் லெதர் ஆட்களையும் ஒன்றாகத் தெருவுக்குக் கொண்டுவந்ததுதான் 1984இல் கேத்லீன் கானெல், மைக்கேல் வலேரியோ இருவரும் முன்னின்று நடத்திய ஃபால்சம் தெருத் திருவிழா. இன்று உலகம் அதை உடைக்காகத்தான் பார்க்கிறது. வாடகை வீட்டுக்காரர்களின் போராட்டமாகத் தொடங்கியது அது.

'ப்ரைட்' என்ற சொல்லைப் பலர் பெருமை என்று மொழிபெயர்க்கிறார்கள். சென்னையில் பேரணி நடத்துகிறவர்கள் வானவில் சுயமரியாதைப் பேரணி என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தச் சொல்தான் சரியாகப் படுகிறது. பெருமை என்றால் 'எதற்குப் பெருமை?' என்று கேட்கலாம். சுயமரியாதையை அப்படி யாரும் கேட்க முடியாது. அதிலும் லெதர் ஆட்களுக்கு வெளியே மட்டும் எதிர்ப்பு இல்லை. நீங்கள் பேரணியில் வந்தால் நம் எல்லாருடைய பெயரும் கெடும் என்று சொந்த இயக்கத்துக்குள்ளேயே முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்களும் வாழ்ந்துவிட்டுப் போகட்டும். ஆனால் எய்ட்ஸ் வார்டுக்குப் பணம் வந்தபோது அது யார் வாளியிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இவை மறக்கப்படும் என்று பயந்துதான் ரென்ஸ்லோவும் டிப்லேஸும் 1991இல் லெதர் ஆவணக் காப்பகமும் அருங்காட்சியகமும் தொடங்கினார்கள். ஆள் இறந்ததும் குடும்பத்தார் வந்து ஜாக்கெட்டையும் கடிதங்களையும் குப்பையில் போட்டுவிடுகிற காலம் அது. இன்று சிகாகோவில், ஒரு காலத்தில் யூதர்களின் தொழுகைக்கூடமாக இருந்த கட்டடத்தில் அது இயங்குகிறது.

(திரையில்: ஒரு சந்து. கேமரா தரையை ஒட்டி நகர்கிறது.)

கடைசியாக ஓர் இடம். சான் பிரான்சிஸ்கோ, ரிங்கோல்ட் சந்து. 2017இல் திறந்த நினைவிடம். அண்ணாந்து பார்க்கச் சிலை எதுவும் இல்லை. நடைபாதை ஓரத்தில் வெண்கலத்தில் பூட்ஸ் தடங்கள் பதித்திருக்கிறார்கள், 28 பேருக்காக. பெயரைப் படிக்கக் குனிய வேண்டும். ஆர்னெட் இருக்கிறார். செல்பி இருக்கிறார். எய்ட்ஸ் பற்றிப் பெண்களுக்குத் தகவல் சொல்ல 1985இல் தொலைபேசிச் சேவை தொடங்கி, 1989இல் அதே நோயில் போன சிந்தியா ஸ்லேட்டர் இருக்கிறார். வௌவால்களைப் படித்த டிப்லேஸும் இருக்கிறார். அவர்கள் பக்கத்திலேயே தரையில் கறுப்பும் நீலமும், நடுவில் ஒரு வெள்ளையும்.