தான் நடித்த கதாபாத்திரத்தின் சவப்பெட்டியைச் சுமந்த ஹீரோ!

[திரையில்: பச்சை மலைப் பின்னணி. தாடிக்காரர் ஒருவர் மெல்லச் சிரித்துத் தலையாட்டுகிறார். மூன்று முறை ஓடட்டும்.]

இந்த ஆளை உங்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் யாராவது உருப்படியாக ஒன்று சொன்னால், உடனே வந்து தலையாட்டிவிட்டுப் போவாரே, அவர்தான். இது ‘ஹேங்ஓவர்’ படத்துத் தாடிக்காரர் சாக் கலிஃபியனாகிஸ் என்று நினைத்தவர்கள் கையைத் தூக்குங்கள். நானும் தூக்கிவிட்டேன்.

இவர் ராபர்ட் ரெட்ஃபோர்டு. படம் ‘ஜெரமையா ஜான்சன்’, 1972. மலையில் தனியாக வாழப் போன ஒருவனின் கதை, நிஜமாக வாழ்ந்த ஒருவரைத் தழுவியது. இந்தப் படம் வந்து இரண்டே வருடத்தில் அந்த நிஜ ஜான்சனின் சவப்பெட்டியை ரெட்ஃபோர்டு தன் கையால் சுமந்தார். ஆனால் அந்த மனிதர் இறந்தது 1900-இல்! எப்படி? கடைசியில் சொல்கிறேன், ஓடிவிடாதீர்கள்.

முதலில் தகவல் பகுதி, வேகமாக. இயக்கம் சிட்னி பொல்லாக். திரைக்கதை ஜான் மிலியஸ், எட்வர்ட் அன்ஹால்ட். படப்பிடிப்பு யூட்டா மாநிலத்து மலைகளில். முடிந்தது.

[திரையில்: தொப்பி அணிந்த கனவான்களின் பழைய ஓவியம்.]

அந்தக் காலத்தில் ஆட்கள் ராக்கி மலைக்கு ஏன் போனார்கள்? தொப்பிக்காக! பீவர் என்ற விலங்கின் உள்மயிரை அழுத்திச் செய்த தொப்பி ஐரோப்பாவில் பெரிய ஃபேஷன். அந்தத் தோலைப் பிடித்துத் தர மலைக்குள் போனவர்கள்தான் ‘மவுண்டன் மேன்’. 1825 முதல் 1840 வரை ஆண்டுதோறும் மலையடியில் சந்தை கூடும். தோலைக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கி மருந்து, காபி, சாராயம் வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் பட்டுத் தொப்பி வந்தது, பீவர் தொப்பி போனது. நம் ஜான்சனோ 1846-இல் தொடங்கிய அமெரிக்க-மெக்சிகோ போரில் இருந்துவிட்டு மலை ஏறுகிறவன். அதாவது, கடை சாத்தினப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஆள்.

வந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. படத்தின் முதல் பாதியில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். உறைகிற ஓடையில் இறங்கி வெறுங்கையால் மீன் பிடிக்கப் பார்க்கிறான். தடுக்கி விழுகிறான். நிமிர்ந்தால், எதிரே குதிரைமேல் ஒரு க்ரோ இன (அமெரிக்கப் பூர்வகுடி) வீரன், பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த வீரனின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வேலை இருக்கிறது.

அடுத்து, பனியில் விறைத்துப்போன ஒரு பிணம். மார்பில் துப்பாக்கியை அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறது, கூடவே உயில்! என்னைக் கொன்ற கரடியை இந்தத் துப்பாக்கிதான் கொன்றது, கண்டெடுப்பவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிவைத்துவிட்டுச் செத்திருக்கிறார் மனுஷன். என்ன ஒரு தாராளம்!

பிறகு ‘கரடிநகம்’ என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு கிழவர் குருவாகக் கிடைக்கிறார். தணலை மண்ணுக்கடியில் புதைத்து அதன்மேல் படுத்தால் குளிராது என்று சொல்லித்தருகிறார். நம் ஆள் படுக்கிறான். பாதி ராத்திரியில் போர்வை புகைகிறது, அலறி எழுகிறான். மண் போதவில்லை, அப்போதே பார்த்தேன் என்கிறார் கிழவர். அப்போதே சொல்லியிருக்கலாமே ஐயா! இன்னொரு நாள், கரடித் தோல் உரிக்கத் தெரியுமா என்று கேட்கிறார். தெரியும் என்று கெத்தாகச் சொல்கிறான் ஜான்சன். கிழவர் நிஜக் கரடி ஒன்று துரத்த ஓடிவந்து, குடிசைக்குள் புகுந்து, பின் ஜன்னல் வழியாகக் குதித்துப் போய்விடுகிறார். உள்ளே கரடியும் ஜான்சனும். இதை உரி, இன்னொன்று கொண்டுவருகிறேன் என்று வெளியிலிருந்து குரல் வருகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே படம் பார்க்கலாம்.

ஒன்று கவனித்தீர்களா? தனிமை தேடிப் போனவனை யாருமே தனியாக விடுவதில்லை. குடும்பத்தைப் பறிகொடுத்துச் சித்தம் கலங்கிய ஒரு தாய், தன் மகனை இவன் கையில் பிடித்துக் கொடுத்துவிடுகிறாள். பையன் வாய் திறந்து பேசுவதில்லை. அப்புறம் பிளாட்ஹெட் என்ற இன்னொரு பூர்வகுடி இனத் தலைவருக்கு இவன் ஏதோ மரியாதைக்குப் பரிசு கொடுக்க, அது அளவுக்கு மீறிய பரிசாகிவிடுகிறது. நம் ஊர் மொய் கணக்குதான்: வாங்கியதைவிடக் கூடச் செய்யாவிட்டால் மானம் போய்விடும். அவரிடம் அதைவிடப் பெரியதாக இருந்தது ஒன்றுதான், அவர் மகள். ஆக, பிரம்மச்சாரியாக மலையேறியவன் மனைவி, மகன் என்று குடும்பஸ்தனாகிவிட்டான்.

இரண்டாம் பாதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழிகாட்டச் சொல்லி வந்த ராணுவத்தை க்ரோ மக்களின் இடுகாட்டின் ஊடே கூட்டிப்போகிறான். திரும்பி வந்தால் மனைவியும் பையனும் பிணம், க்ரோ வீரர்களின் வேலை. பிறகு பழிக்குப் பழி. அவனைக் கொல்ல வீரர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள்.

[திரையில்: கறுப்பு. பிறகு ஒரு கிழவரின் பழைய புகைப்படம்.]

இப்போது நிஜ ஆள். ஜான் ஜான்ஸ்டன், இவர் பெயரில் ஒரு ‘ட்’ கூட உண்டு. பட்டப்பெயர்: ‘கல்லீரல் தின்னி’. சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர்கள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 1847-இல் மனைவியை க்ரோ வீரர்கள் கொன்றார்கள், இவர் வருடக்கணக்கில் அவர்களைத் தேடித்தேடிக் கொன்று கல்லீரலைத் தின்றார் என்பது கதை. 1958-இல் வந்த ஒரு புத்தகம் அதை ஊரெல்லாம் பரப்பியது. ஆனால் ஆதாரம்? கைக்குச் சிக்குவதெல்லாம் சாதுவான விஷயங்கள்: 1864-இல் கொலராடோ குதிரைப்படையில் சிப்பாய், வயதான காலத்தில் மொன்டானாவின் ரெட் லாட்ஜ் ஊரில் காவல் அதிகாரி. க்ரோ மக்களும் அந்தக் காலத்தில் வெள்ளையரோடு பெரும்பாலும் ஒத்துப்போனவர்கள், அமெரிக்க ராணுவத்துக்கு வேவு பார்த்தவர்கள். படம் கல்லீரலைத் தூக்கி எறிந்தது சரி, ஆனால் க்ரோ மக்களை எதிரியாகவே வைத்துக்கொண்டது. படம் எனக்கு உயிர் என்றாலும், இந்த இடத்தில் அது செய்தது நியாயமில்லை.

சரி, சவப்பெட்டிக்கு வருவோம். உடல் நலிந்த ஜான்ஸ்டன் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் முன்னாள் ராணுவத்தினர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டு, 1900 ஜனவரி 21-இல் இறந்தார். அங்கேயே ராணுவக் கல்லறையில் புதைத்தார்கள். பிற்பாடு பக்கத்திலேயே நெடுஞ்சாலை வந்துவிட்டது. மலை மனிதனுக்குக் கார் இரைச்சலில் நிரந்தர உறக்கம்! இதைப் பார்த்துப் பொறுக்காமல் கிளம்பியவர்கள் யார் தெரியுமா? கலிஃபோர்னியாவின் லாங்காஸ்டரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். கடிதம் கடிதமாக எழுதி, அரசாங்கத்தைச் சம்மதிக்க வைத்து, 1974 ஜூனில் அவர் உடலை வயோமிங்கின் கோடி நகருக்கு, மலை தெரிகிற இடத்துக்கு, கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சுமார் 2,000 பேர் கூடிய அந்த இறுதிச் சடங்கில் பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர்தான் ரெட்ஃபோர்டு. ஏழாம் வகுப்பில் நான் எழுதியது விடுப்புக் கடிதம் மட்டும்தான்.

ரெட்ஃபோர்டு 2025 செப்டம்பரில் காலமானார், இதே யூட்டா மலையில் தன் சன்டான்ஸ் வீட்டில்.

லைக், சப்ஸ்கிரைப் எல்லாம் உங்கள் இஷ்டம். எனக்கு வேண்டியது ஒரு பதில். ஓடையில் பார்த்தோமே அந்த க்ரோ வீரன், படத்தின் கடைசியில் தூரத்தில் நிற்கிறான். ஜான்சனின் கை துப்பாக்கிக்குப் போகிறது. வீரன் கையை உயர்த்துகிறான். ஜான்சனும் மெல்ல உயர்த்துகிறான், அத்தோடு படம் உறைகிறது. நான் நாலு தடவை பார்த்துவிட்டேன். அது சமாதானமா, இல்லை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்பதா? கமெண்டில் சொல்லுங்கள்.