டப்பா தேறியது, எந்த உணவுக்கு?

வணக்கம், நேயர்களே.

பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்தால் சில சமயம் ஒரு கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னப் படம் தெரியும். உணவு வைக்க ஏற்றது என்பதற்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் குறி அது. அதைப் பார்த்ததும், கொதிக்கக் கொதிக்க எதை வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். ஆய்வகத்தில் அப்படிப் பொத்தாம்பொதுவாக யாரும் சான்று தருவது கிடையாது. எந்த வகை உணவு, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் முடிவு செய்த பிறகுதான் சோதனையே தொடங்கும்.

பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து உணவுக்குள் என்ன கசிகிறது என்பதுதான் கேள்வி. உண்மையான உணவில் ஏற்கெனவே ஆயிரம் பொருட்கள் கலந்திருப்பதால், அதில் இதைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அதனால் உணவுக்குப் பதிலாக எளிய திரவங்களை வைக்கிறார்கள். புளிப்பான உணவுக்கு 3 சதவீத அசெட்டிக் அமிலம், நீர்ப்பாங்கான உணவுக்கு 10 சதவீத எத்தனால், கொழுப்புள்ளதற்குத் தாவர எண்ணெய், உலர்ந்த உணவுக்கு ஒரு வகைத் தூள். பயன்பாட்டுக்கு ஏற்ற சூட்டில், ஏற்ற நேரம் வைத்துவிட்டுத் திரவத்தை ஆவியாக்கி, மிஞ்சியதை எடை போடுவார்கள். எண்ணெய் ஆவியாகாதே! அதற்குப் பிளாஸ்டிக்கையே முன்னும் பின்னும் எடை போட்டு, அது உறிஞ்சிய எண்ணெயையும் கணக்கில் கழிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை.

ஐரோப்பிய விதிப்படி, ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பிலிருந்து மொத்தம் 10 மில்லிகிராமுக்கு மேல் கசியக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆறு முகங்கள், மொத்தம் 6 சதுர டெசிமீட்டர். உள்ளே ஒரு லிட்டர், அதாவது சுமார் ஒரு கிலோ உணவு பிடிக்கும். அப்படியானால் கிலோவுக்கு 60 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் இப்படிப்பட்ட ஒரு கிலோ உணவைச் சாப்பிடுவார் என்பதும் இந்த விதிகளின் பின்னுள்ள அனுமானம். சின்னப் பொட்டலங்களில் உணவின் எடைக்குப் பரப்பு அதிகம் என்பதால், நிஜத்தில் கணக்கு மாறும்.

இந்த மொத்த அளவை வைத்து நச்சு உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. பொருள் எவ்வளவு உதிர்கிறது என்பதைத்தான் அது காட்டும். ஆபத்தான பொருட்களுக்குத் தனித்தனி வரம்பு உண்டு. ஃபார்மால்டிஹைடுக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், மெலமைனுக்கு 2.5.

சரி, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பாத்திரம் என்றால்? ஒரே பாத்திரத்தை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதுத் திரவத்தில் சோதிக்கிறார்கள். தீர்ப்பு பொதுவாக மூன்றாவது முடிவை வைத்துத்தான். முதல் தடவை நிறையக் கசிந்து பிறகு குறைவது வழக்கம். மெலமைன் தட்டுகளை இதில் நம்ப முடியாது. சூடும் புளிப்பும் சேர்ந்தால், தட்டு செய்யப்பட்ட மெலமைன் பிசினே மெல்லச் சிதைகிறது. அதனால் கசிவு குறையாமல் தொடரலாம், கூடவும் செய்யலாம். மைக்ரோவேவில் அவற்றை வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

உணவு படும் பக்கத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. 2005இல் ஐரோப்பாவில் குழந்தைகளுக்கான பாலில் ஐடிஎக்ஸ் என்ற மை வேதிப்பொருள் இருந்தது தெரியவந்தது. அச்சிட்டது அட்டையின் வெளிப்பக்கம். ஆனால் அச்சான அட்டையைச் சுருட்டி வைக்கும்போது வெளிப்பக்க மை அடுத்த சுற்றின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது பாலுக்குப் போக எவ்வளவு நேரம்?

சிறிய அளவில் உணவு தயாரித்துப் பொட்டலமிட்டு விற்பவர்கள், பை வாங்கும் இடத்தில் வெறும் 'ஃபுட் கிரேடு' என்ற பேச்சோடு திரும்பிவிடாதீர்கள். பை விதிகளுக்கு இணங்குகிறது என்று எழுதித் தரும் இணக்க அறிக்கையைக் கேளுங்கள். அது எண்ணெய்ப் பண்டத்துக்கா, எத்தனை டிகிரி வரை, எத்தனை நாள் வைக்க என்று அதில் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் சுடச்சுட நிரப்புகிறீர்கள், அறிக்கையில் அறை வெப்பநிலை என்று இருக்கிறது என்றால், அந்தச் சோதனை உங்கள் பைக்கு நடக்கவே இல்லை என்று பொருள்.

நன்றி, வணக்கம்.